போர்க்கால ஆவணப்படங்கள் பத்தி கேளுங்க, சொல்றேன்

கேள்வி: முதல் உலகப்போர்ல பிரான்ஸ்ல நடந்த சோம் சண்டையப் பத்தி 1916-ல வந்த பிரிட்டிஷ் படத்துல வீரர்கள் பதுங்குகுழியில இருந்து ஏறி ஓடுற சீன் செட்டப்பாமே? அப்போ மொத்தப் படமும் டுபாக்கூர் தானா?

பதில்: இல்லங்க. அந்த சீன் போர்முனைக்குப் பின்னாடி நடிக்க வெச்சு எடுத்தது, உண்மைதான். குழி ஆழமே இல்ல, வீரர்கள் முதுகுல மூட்டையும் இல்ல, கவனிச்சுப் பாத்தாலே தெரியும். ஆனா மீதி பெரும்பாலும் கேமராமேன்கள் மாலின்ஸும் மெக்டவலும் நிஜமாவே போர்முனைக்குப் போய் எடுத்தது. பிரிட்டன்ல சுமார் 2 கோடி டிக்கெட் வித்துச்சு, அப்போ சண்டையே முடியல!

கேள்வி: ஒரு ஷாட் பொய்னாலும் பொய்தானே சார்? ஏன் சப்போர்ட் பண்றீங்க?

பதில்: சப்போர்ட் பண்ணலங்க, நீங்க தப்பான இடத்துல தேடுறீங்கன்னு சொல்றேன். அந்தச் சண்டையோட முதல் நாள்லயே பிரிட்டிஷ் தரப்புல 19,000 பேருக்கு மேல செத்தாங்க, படத்துல பிணம் காட்டுறாங்க, காயம்பட்டவங்களக் காட்டுறாங்க, ஆனா அந்தக் கணக்கு எங்கயும் வராது. நடிச்ச ஷாட்ட என்னிக்காவது யாராவது கண்டுபிடிச்சிடுவாங்க, விட்டுப்போனத எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அதனாலதான் யார் காசு போட்டாங்க, யாருக்குக் காட்டினாங்க, எது இல்லன்னு முதல்ல பாருங்கன்னு சொல்றேன்.

கேள்வி: அப்போ செட்டப் பண்றது ஓகேவா?

பதில்: மேல சொன்னதப் படிங்க, ப்ளீஸ்.

கேள்வி: எதிரி எடுத்த படத்தையே எதிரிக்கு எதிரா யூஸ் பண்ண முடியுமா?

பதில்: பண்ணிருக்காங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஹாலிவுட் டைரக்டர் ஃப்ராங்க் காப்ரா அமெரிக்க ராணுவத்துக்காக எடுத்த 7 படங்கள்ல நாஜிக்களோட சொந்த பிரச்சார ஃபுட்டேஜே வருது. அதே அணிவகுப்பு, அதே கூட்டம், பின்னணிக் குரல் மட்டும் வேற. அதான் சொல்றேன், ஒருதடவ சவுண்ட மியூட் பண்ணிட்டுப் பாருங்க, படம் எவ்ளோ சொல்லுது, குரல் எவ்ளோ சொல்லுதுன்னு தனியாத் தெரியும்.

கேள்வி: ட்ரோன் வீடியோ ஒரிஜினலான்னு எப்படி செக் பண்றது?

பதில்: அது என் ஏரியா இல்ல, வீடியோ தடயம் பாக்குறவங்களக் கேளுங்க.

கேள்வி: சோம் படம் முழுசும் நடிப்புதானாமே?

பதில்: மூணாவது தடவ. முதல் பதில் பாருங்க.

கேள்வி: அரசாங்கமே எடுத்துட்டு அப்புறம் பயந்துபோன படம் ஏதாவது இருக்கா?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. ஹாலிவுட் டைரக்டர் ஜான் ஹஸ்டன் அமெரிக்க ராணுவத்துக்காக, போர்ல மனசு உடைஞ்சுபோன வீரர்கள ஆஸ்பத்திரிலயே வெச்சு 'லெட் தேர் பி லைட்'னு (1946) ஒரு படம் எடுத்தாரு. நடக்க முடியாதவன், பேச்சு திக்குறவன், அழுகைய நிறுத்த முடியாதவன்னு வரிசையா வருவாங்க. காசு போட்ட ராணுவமே 30 வருஷத்துக்கு மேல அத வெளிய விடல. முடிஞ்சா அத மட்டும் மியூட் பண்ணாமப் பாருங்க, அந்தப் பசங்க பேசுறதக் கேக்கணும்.