ஒரே ஒரு அறைக்கு மட்டும் சண்டை

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உறுப்பையே தாக்கும் நோய்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தைராய்டு! ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துக் குறைத்திருக்கிறேன். மதுரையில் முப்பது வருடம் பொது மருத்துவம் பார்த்துவிட்டு இப்போது கோட்டையூரில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் மருந்தின் அளவு மட்டும் சொல்ல மாட்டேன், மற்றதெல்லாம் கேளுங்கள்.

வயது 38. டிஎஸ்எச் (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்) 14, ஆன்டி டிபிஓ (தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) 600-க்கு மேல். 'ஹாஷிமோட்டோ' என்று எழுதி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என் உடம்பு என்னையே ஏன் தாக்க வேண்டும்? அயோடின் உப்பைக் கூட்டினால் சரியாகாதா? (பள்ளத்தூர் வாசகி)

நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பங்காளிகளுக்குப் பொது. முகப்பில் தகராறு இல்லை, வளவில் இல்லை. இரண்டாங்கட்டில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் வருடக்கணக்காக வழக்கு. அந்த அறை பூட்டிக் கிடந்து பாழாகும். மற்ற இடத்தில் கல்யாணமே நடத்தலாம். உங்களுக்கு அந்த அறை தைராய்டு. வேறொருவருக்குக் கணையம், இன்னொருவருக்குத் தோல். லூபஸ் மாதிரி வீடு முழுக்க அடிதடி நடக்கிற நோய்கள் தனி வகை, அவற்றை இன்றைக்குத் தொடவில்லை.

நம் வெள்ளணுக்களில் சொந்தத் திசுவையே கடிக்கக்கூடியவையும் உருவாகும். பெரும்பாலானவற்றை உடம்பே வடிகட்டிவிடும், சில தப்பிவிடும். குடும்பத்தில் வருகிற ஒரு சாய்வு, அதன் மேல் பிரசவம் போன்ற ஏதோ ஒரு தூண்டுதல். பெண்களுக்குத்தான் அதிகம். நீங்கள் சாப்பிட்டதாலோ கவலைப்பட்டதாலோ வந்ததில்லை.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஹகாரு ஹாஷிமோட்டோ ஒரு ஜப்பானிய அறுவை மருத்துவர். நான்கு பெண்களின் கழுத்து வீக்கத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தைராய்டு முழுக்க வெள்ளணுக்கள் குவிந்திருப்பதை 1912-ல் எழுதினார். அப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பி அங்கேயே வைத்தியம் பார்த்து, 1934-ல் டைபாய்டில் இறந்துபோனார். அந்த வெள்ளணுக்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தன என்பது 1956-ல்தான் தெரிந்தது. லண்டனில் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். தன் பெயர் உலகம் முழுக்க லேப் ரிப்போர்ட்டில் ஏறும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

உப்புக்கு வருகிறேன். அயோடின் பற்றாக்குறையால் வரும் கழுத்து வீக்கம் வேறு, இது வேறு. உங்களுக்கு அயோடினை அள்ளிக் கொடுத்தால் நோய் கூடவும் செய்யலாம். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற உப்பு போதும். கடல்பாசி மாத்திரை வேண்டாம்.

டாக்டர் கொடுத்த தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி, பலகாரம் எதுவும் கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள், அதற்குள் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறீர்களா? டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், ரிப்போர்ட்டையே புரட்டிவிடும். ஆன்டி டிபிஓ 600-லிருந்து 400 ஆனதா என்று மாதாமாதம் பணம் கட்டிப் பார்க்க வேண்டாம். வைத்தியம் அந்த எண்ணை வைத்து நடப்பதில்லை.

கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் லேகியம், மாத்திரை இந்த நோய்க்காரர்களுக்கு நல்லதுதானே? (புதுவயல்)

சண்டைக்காரனுக்குச் சாப்பாடு போட்டு இன்னும் தெம்பேற்றுவதா? வேண்டாம்.

எனக்கு 26 வயது. மூன்று வருடமாக டைப் 1 சர்க்கரை, நாலு வேளை இன்சுலின். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்க ஆசை. அப்பத்தா 'முருகன் பார்த்துக்கொள்வான், ஊசியை விட்டுவிட்டுப் போ' என்கிறார். போகலாமா? (தேவகோட்டை)

போகலாம் தம்பி. ஊசியோடு போகலாம்.

அப்பத்தாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்: ஆச்சி, உங்கள் பேரனுக்கு வந்திருப்பது வயதானவர்களுக்கு வரும் சர்க்கரை இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அவன் உடம்பே அழித்துவிட்டது. 1922 ஜனவரிக்கு முன்னால் இப்படி வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மாதம் கனடாவில் டொரொண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். அந்த மருந்தைத்தான் நிறுத்தச் சொல்கிறீர்கள். ஒன்றிரண்டு நாள் நின்றாலே வாந்தி, வயிற்று வலி, வேக வேகமான ஆழ்ந்த மூச்சு என்று போய் ஐசியூவில்தான் நிற்கும். சாப்பிடாத நாளிலும் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை நிறுத்தக் கூடாது.

இனி தம்பிக்கு. நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும், ராத்திரி தூக்கத்திலும் இறங்கும். அளவை எவ்வளவு குறைப்பது என்று ஒரு மாதம் முன்பே உங்கள் டாக்டரிடம் உட்கார்ந்து பேசி, பத்துப் பத்துக் கிலோமீட்டராக ஒத்திகை பாருங்கள். மீட்டரில் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கல்கண்டு வேண்டாம், வாயில் கரைவதற்குள் மயக்கம் வந்துவிடும். வழியில் பானகம் கொடுப்பார்கள்; சர்க்கரை இறங்கியிருந்தால் அது மருந்து, இல்லாவிட்டால் அதிலிருக்கிற வெல்லம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கூட நடக்கிறவர்களில் இருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பேனா 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். ஈரத் துணியில் சுற்றிய டப்பாவில், பையின் நடுவில் வையுங்கள். ஐஸ் கட்டி மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். வீட்டில் கரண்ட் போனால் மண்பானைக்குள் வைப்பதும் நல்ல வழி. தினமும் ராத்திரி டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பாருங்கள். வெறுங்காலோடு நடப்பது உங்கள் விருப்பம், நானாக இருந்தால் செருப்புப் போடுவேன்.

அப்பத்தாவுக்கு 67. காலையில் நன்றாக இருக்கிறார். சாயங்காலம் இமை தொங்கிவிடுகிறது, இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்கிறார். கண்புரை என்று நினைத்து ஆபரேஷனும் செய்தாகிவிட்டது. இப்போது பேசப் பேசக் குரல் மூக்கால் வருகிறது. (கானாடுகாத்தான்)

வந்த கேள்விகளில் இதைப் படித்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். காலையில் தெளிவு, பொழுது சாயச் சாயத் தளர்வு என்ற இந்த நடை மயஸ்தீனியா கிராவிஸுக்குரியது. நரம்பு 'அசை' என்று அனுப்பும் செய்தியைத் தசையில் வாங்கிக்கொள்ளும் இடத்தை ஆன்டிபாடி அடைத்துவிடுகிறது. ஓய்வெடுத்தால் கொஞ்சம் திரும்பும், வேலை செய்தால் தீரும்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மாள் இப்படி வந்தார். வெற்றிலை மெல்லும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்வார். பல் வலி என்று எல்லோரும் நினைத்திருந்தோம், நான் உட்பட. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தேன். பாதி மூடிக் கிடந்த கண் திறந்து என்னைப் பார்த்தது. குளிரில் அந்தச் செய்தி கொஞ்சம் நன்றாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். வைத்தியம் இல்லை, துப்பு மட்டும்.

ரத்தப் பரிசோதனையோடு நெஞ்சில் சிடி எடுப்பார்கள். தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. பைரிடோஸ்டிக்மின் மாத்திரை மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்யும், அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன் கொடுத்தால் விழுங்க எளிது. சில ஆன்டிபயாடிக் இவர்களைக் கவிழ்த்துவிடும்: ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், அஸித்ரோமைசின். காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போடும் முன் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஒரு அட்டையில் எழுதி அவர் சுருக்குப்பையில் வைத்துவிடுங்கள். தண்ணீர் புரையேறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108.

மகளுக்கு சீலியாக். கோதுமையே கூடாதாம். டெல்லியிலிருந்து ஊரோடு வந்துவிட்டோம். இங்கே என்ன கொடுப்பது? (காரைக்குடி)

சீலியாக் என்றால் கோதுமைப் புரதம் உள்ளே போனதும் உடம்பு தன் குடலையே தாக்குவது. சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறீர்கள். இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், ஆடிக்கூழ், கவுனி அரிசி, தேன்குழல் எதிலும் கோதுமை கிடையாது. கம்பு, கேழ்வரகும் தரலாம்.

பிரச்சினை ஒளிந்திருக்கும் இடங்களில்தான். முதலில் பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலப்பார்கள், டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். அடுத்து மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் அரிசி மாவின் முதல் இரண்டு கிலோவில் அதுதான் இருக்கும். அரிசிக்கென்று தனி இயந்திரம் உள்ள மில்லைத் தேடுங்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே அரையுங்கள். சீயத்தை அரிசி உளுந்து மாவில் முக்குவதுதான் வழக்கம், சிலர் மைதாவில் முக்குவார்கள். விசேஷ வீட்டில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சமோசா பொரித்த எண்ணெயும் ஆகாது. 'ஒரு வாய்தானே, பிள்ளை ஏங்குது' என்று உறவினர் ஊட்டும் பரோட்டாதான் எல்லாவற்றையும்விட மோசம். அந்த ஒரு வாய்க்கும் குடல் பதில் சொல்லும்.

இதைப் படித்துவிட்டு வயிற்று உப்புசம் உள்ள மற்றவர்கள் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு டெஸ்ட் எடுத்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகும். முதலில் டெஸ்ட்.

தங்கையின் கையில் வெண்புள்ளி. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்கச் சொல்கிறார் அம்மா. தொற்றுமா? (செட்டிநாடு)

தொற்றாது. நிறமிச் செல்களை உடம்பே அழிப்பதால் வருவது. அதை 'வெண்குஷ்டம்' என்று சொல்லும் பழக்கம் ஒழிய வேண்டும். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மரத்துப்போகும், இதில் தொட்டால் எப்போதும்போலத் தெரியும். களிம்பும் ஒளி சிகிச்சையும் இருக்கின்றன, முகத்தில் சீக்கிரம் நிறம் திரும்பும், விரல் நுனியில் கஷ்டம். ஒருமுறை தைராய்டும் பார்த்துவிடுங்கள். மறைக்க வேண்டாம். புள்ளியைப் பார்த்து ஓடுகிற மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முன்பே ஓடட்டும்.

ஒன்பது கோயில் (நகரத்தாரின் கோயில் பிரிவுகள்) பார்த்து, நமக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுப்பதால்தானே இதெல்லாம் வருகிறது? (கண்டனூர்)

முழுக்க அப்படி இல்லை. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் அதிகமாவது, தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே குறைபட்ட மரபணு இருந்தால் வரும் நோய்கள். நாம் இங்கே பேசுகிற நோய்கள் பல மரபணுக்களின் சாய்வு. அப்பாவுக்கு டைப் 1 என்றால் பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றுக்கு ஆறு போல, அம்மாவுக்கு என்றால் மூன்று போல. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவதும் சகஜம்.

அப்பச்சிக்கு 70. கால் மரத்துப்போகிறது. பி12 மிகக் குறைவு. தினம் கறி சாப்பிடுகிறவருக்கு எப்படி? (கோனாபட்டு)

சாப்பிட்டால் போதாது, குடலில் ஏற வேண்டும். அதற்கு இரைப்பை ஒரு புரதத்தைச் சுரக்க வேண்டும்; அந்தச் செல்களையே உடம்பு அழித்திருக்கலாம். 1920-களில் இதற்கு வைத்தியம் தினமும் தட்டு நிறைய ஈரல், அதுவும் அரைவேக்காட்டில். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1934-ல் நோபல் கொடுத்தார்கள். மிளகு போட்ட ஈரல் வறுவல் என்றால் நம் ஆட்கள் மறுத்திருக்க மாட்டார்கள். இப்போது ஊசி இருக்கிறது. ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும், ஜாக்கிரதை.

பள்ளத்தூர் வாசகி மறுபடியும்: எல்லாம் சரி. காலையில் எழுந்ததும் காபி இல்லாமல் ஒரு மணி நேரம் என்னால் முடியவே முடியாது. என்ன செய்ய?

ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். ஏழரைக்குச் சாப்பிட்டால் பத்தரைக்கு மாத்திரை. நேரத்தை மாற்றியதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காலையில் காபியை நிம்மதியாகக் குடியுங்கள்.