ஏஜென்ட் கோட்பாட்டை ஓடும் மென்பொருளாக மாற்றுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கினால் இது: “ஏஜென்ட்களைப் பற்றி, அதாவது சூழலைக் கவனித்துத் தானே முடிவெடுத்துச் செயல்படும் மென்பொருளைப் பற்றி, பாடத்தில் படித்தேன். நம்பிக்கை, விருப்பம், நோக்கம் என்று பக்கம் பக்கமாக லாஜிக் குறியீடுகள். அதிலிருந்து ஒரு வரி நிரல் எழுத எங்கே தொடங்குவது? இப்போது மொழி மாதிரிகளை வைத்தே ஏஜென்ட் செய்துவிடுகிறார்களே, பழைய கோட்பாடு இன்னும் தேவையா? எந்த ஃப்ரேம்வொர்க்கைப் பிடிப்பது?”

முதலில், அந்தக் குறியீடுகளை அப்படியே நிரலாக மாற்றப் பார்க்காதீர்கள். அவற்றை எழுதியவர்களே அதைச் செய்யவில்லை.

பிடிஐ (நம்பிக்கை, விருப்பம், நோக்கம் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள்) என்று நீங்கள் படித்த அந்த அமைப்பின் வேர் தத்துவத்தில் இருக்கிறது. மனிதர்கள் ஏன் ஒரு முடிவை எடுத்துவிட்டு அதிலேயே நிற்கிறார்கள் என்று 1987இல் வெளிவந்த தன் நூலில் தத்துவவாதி மைக்கேல் பிராட்மன் ஆராய்ந்தார். எல்லாவற்றையும் நொடிக்கு நொடி மறுபடி யோசிக்க நமக்கு நேரம் போதாது. ஒரு முடிவை எடுத்துவிட்டால், இனி யோசிக்கத் தேவையில்லாதவை தாமாக ஒதுங்கிவிடுகின்றன. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களான ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃபும் இதற்கு 1991இல் லாஜிக் வடிவம் கொடுத்தார்கள். 1995இல் இருவரும் நடைமுறையைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதினார்கள். கவனி, யோசி, செய் என்று திரும்பத் திரும்பச் சுழலும்படி தாங்கள் வரைந்த அழகான லூப் இருக்கிறபடியே ஓட்டத் தகுந்தது இல்லை என்று அதில் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நம்பிக்கைகளிலிருந்து பிறக்கும் எல்லா முடிவுகளையும் கணக்கிட்டு, எல்லா வழிகளையும் ஒப்பிட்டு, அதையும் நேரத்துக்குள் முடிக்க எந்தக் கணினியாலும் முடியாது.

அப்புறம் என்ன செய்தார்கள்? வெட்டினார்கள். நம்பிக்கை என்பது இந்தக் கணத்தில் உண்மையென்று தெரிந்த தகவல்கள் மட்டும். ‘இதுவோ அதுவோ’, ‘இப்படியானால் அப்படி’ எல்லாம் வெளியே. திட்டத்தை ஏஜென்ட் யோசித்து உருவாக்காது. எந்த நிகழ்வு வந்தால், எந்தச் சூழல் இருந்தால், என்னென்ன படிகள் என்று முன்கூட்டியே மனிதர் எழுதிவைத்த திட்டங்களில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும். நோக்கம் என்பது பாதியில் நிற்கும் திட்டங்களின் அடுக்கு, அவ்வளவுதான். நம்புகிறது, விரும்புகிறது என்பவற்றைக் குறியீடாக எழுதும் அந்த மோடல் லாஜிக், நிரல் ஓடும் நேரத்தில் எங்கேயும் இல்லை.

இப்படி வெட்டியதால்தான் ஓயாசிஸ் என்ற விமானப் போக்குவரத்து மென்பொருள் உருவானது. சிட்னி விமான நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் ஏஜென்ட். காற்றைக் கணக்கிட, வரிசையைத் தீர்மானிக்க, ஒருங்கிணைக்கத் தனித்தனி ஏஜென்ட்கள். ஒரே நேரத்தில் எழுபது, எண்பது வரை ஓடும். ரேடாரிலிருந்து நேரடித் தகவலை வாங்கி, நடப்பிலிருந்த முறைக்குப் பக்கத்திலேயே சோதனை ஓட்டமாக ஓடியது. அது விமானங்களுக்குக் கட்டளை இடவில்லை என்பதைக் கவனியுங்கள். இறங்கும் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு ஆலோசனைதான் சொன்னது. ஒரு புது ஏஜென்டை எப்படிக் களத்தில் இறக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் காட்டுவேன்.

சரி, இவ்வளவு வெட்டிய பிறகு கோட்பாட்டில் என்னதான் மிஞ்சியது? என் கணக்கில் ஒன்றே ஒன்று: எடுத்த முடிவை எப்போது கைவிடுவது என்கிற கேள்வி. வேறு எந்த மென்பொருள் பாடத்திலும் இதை இவ்வளவு நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கட்டம் போட்ட ஓர் உலகம். அதில் குழிகள் திடீரெனத் தோன்றும், மறையும். ஓடுகளைத் தள்ளிக் குழியை மூட வேண்டும். டைல்வேர்ல்ட் என்று பெயர். 1991இல் கின்னியும் ஜார்ஜெஃபும் இரண்டு வகை ஏஜென்ட்களை அதில் இறக்கினார்கள். ஒன்று, திட்டம் முடியும் வரை திரும்பிப் பார்க்காது. மற்றது அடிக்கு அடி நின்று மறுபரிசீலனை செய்யும். உலகம் மெதுவாக மாறும்போது திரும்பிப் பார்க்காதது ஜெயித்தது. வேகமாக மாறும்போது நின்று பார்த்தது ஜெயித்தது. படித்தால் ‘இது தெரிந்ததுதானே’ என்று தோன்றும். ஆனால் உங்கள் சூழல் எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று அளந்து, அதை வைத்து ஏஜென்ட் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை யோசிக்க வேண்டும் என்று தீர்மானித்த குழு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் யாரோ ஒருவர் கான்ஃபிக் கோப்பில் 60 என்று போட்டிருப்பார். ஏன் 60 என்றால் பதில் இருக்காது.

நான் வேலை பார்ப்பது சரக்கு இருப்பைக் கவனிக்கும் மென்பொருளில். அதனால் அங்கிருந்தே ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒரு பொருளின் இருப்பு குறைகிறது. ஏஜென்ட் ஆர்டர் போட வேண்டும். இந்த நோக்கத்தை டேட்டாபேஸில் ஒரு வரிசையாக எழுதுங்கள். அதில் இலக்கு இருக்கட்டும்: இருப்பு 200க்கு மேல் வர வேண்டும். எந்தத் தகவலை நம்பி முடிவெடுத்தது, அந்தத் தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்பது இருக்கட்டும்: இருப்பு 38, காலை 9.10. நிறைவேறியதை எதை வைத்து அறிவது? சப்ளையரின் ஒப்புதல் எண். எப்போது கைவிடுவது? 9.10க்குச் சொன்ன இருப்பே தவறு என்று தெரிந்தால், அல்லது பொருளே நிறுத்தப்பட்டால், அல்லது மாலை 5 மணியாகிவிட்டால். கடைசியாக, இந்த நோக்கத்துக்கென்று மாறாத ஓர் எண்.

இப்போது ஆர்டரை அனுப்புகிறது. பதில் வரவில்லை, டைம்அவுட். ஆர்டர் போய்ச் சேர்ந்ததா?

பெரும்பாலான நிரல்களில் இதற்கு ஒரு பூலியன் இருக்கும், ஆர்டர் ஆனதா, ஆம் அல்லது இல்லை. பதில் வராததால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். இரண்டு லோடு சரக்கு வந்து இறங்கும். நீங்கள் ஒதுக்கி வைத்த அந்த லாஜிக் இங்கேதான் கைகொடுக்கிறது. ‘ஆர்டர் ஆனது என்று நான் நம்பவில்லை’ என்பதும் ‘ஆர்டர் ஆகவில்லை என்று நான் நம்புகிறேன்’ என்பதும் வேறு வேறு என்று அது முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே மூன்று நிலை வேண்டும்: ஆனது, ஆகவில்லை, தெரியாது. ‘தெரியாது’ என்றால் முதலில் சப்ளையரின் கணினியில் கேட்க வேண்டும். கேட்க வழியில்லை என்றால், அந்த மாறாத எண்ணோடு திரும்ப அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் புது ஆர்டராக எடுக்கக்கூடாது என்று எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். குறியீட்டை நிரலாக்க வேண்டாம் என்றேன். அது காட்டும் வேறுபாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏஜென்ட்கள் பேசிக்கொள்ளும் மொழிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏஜென்ட்களுக்கான தரங்களை வகுத்த ஃபிபா (FIPA) அமைப்பு 1996இல் தொடங்கி ஒரு மொழியையே தரப்படுத்தியது. ஒரு செய்தியின் பொருளை, அனுப்புபவர் மனதில் என்ன நம்பிக்கை, என்ன எண்ணம் என்பதை வைத்து வரையறுத்தது. யாரோ எழுதிய ஏஜென்டின் மனதுக்குள் எட்டிப்பார்த்து அது உண்மையாகவே அப்படி நம்புகிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது? முடியாது. நடைமுறையில் நின்றது உரையாடலின் வரிசைதான். ரீட் ஸ்மித் 1980இல் எழுதிய கான்ட்ராக்ட் நெட் என்ற வேலைப் பங்கீட்டு முறை அதற்கு நல்ல உதாரணம். வேலையை அறிவி, குறித்த நேரம் வரை விலைக்கேட்பு வாங்கு, ஒருவருக்குக் கொடு. ஒவ்வொரு படியையும் வெளியிலிருந்தே பார்த்துச் சரிபார்க்கலாம்.

இன்னொரு கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1999 மே மாதம் நாசா தன் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தைச் சில நாட்களுக்கு ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருளிடம் ஒப்படைத்தது. திட்டமிடுவது, செயல்படுத்துவது, கோளாறைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. நடுவில், அயனி எஞ்சினை அணைக்க வேண்டிய கட்டளை வராமல் நின்றுபோனது. ஏஜென்ட் அறிவில் இருந்த குறை எதுவும் இதற்குக் காரணம் இல்லை. ஒரு ரேஸ் கண்டிஷன், அதாவது எது முந்தி நடக்கிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை. இரண்டு பகுதிகள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிட்டன. இதில் உறைக்கிற விஷயம், 1997இலேயே ஸ்பின் என்ற சரிபார்ப்புக் கருவியால் அதே மென்பொருளின் வேறு ஒரு பகுதியில் இதே ரகப் பிழையைக் கண்டுபிடித்திருந்தார்கள். ‘புது நிகழ்வு வந்ததா’ என்று பார்ப்பதற்கும் தூங்கப் போவதற்கும் நடுவில் உள்ள இடுக்கில் நிகழ்வு வந்துவிட்டால், எழுப்ப ஆளில்லை. மே 21இல் மறுபடி ஓட்டி மீதி இலக்குகளை முடித்தார்கள். ஏஜென்ட் என்று பெயர் வைத்தாலும் அடியில் இருப்பது பல வேலைகளை ஒரே நேரத்தில் பார்க்கும் சாதாரண மென்பொருள். அதன் நோய்கள் எல்லாம் இதற்கும் வரும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

மொழி மாதிரிகளுக்கு வருவோம். ராவும் ஜார்ஜெஃபும் வெட்டியதில் ஒன்று திரும்ப முளைத்திருக்கிறது. முன்கூட்டியே எழுதிவைத்த திட்டங்களுக்குப் பதில், அடுத்த படியை மாதிரியே யோசித்துச் சொல்கிறது. 2022இல் வந்த ரியாக்ட் முறையில் யோசனை, செயல், விளைவு என்று மாறி மாறிப் போகும் லூப் அது. இது பெரிய லாபம், மறுக்கவில்லை. ஆனால் மற்ற இரண்டும் குழைந்துபோய்விட்டன. நம்பிக்கை என்பது நீண்டுகொண்டே போகும் உரையாடலில் எங்கோ ஒரு வரி; எப்போது வந்தது, யார் சொன்னது என்ற முத்திரை கிடையாது. நோக்கமும் அதே உரையில் இன்னொரு வரி. உரை நீண்டால் அது பின்னுக்குப் போய்விடும், ஏஜென்ட் தொடங்கிய வேலையை மறந்து வேறொன்றை நோண்டிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் நேர் எதிராக, தோற்றுப்போன அதே கட்டளையை வார்த்தை மாற்றி மாற்றி அனுப்பும்.

அதைவிட மோசம், வெளியிலிருந்து படித்த ஒரு பக்கத்தில் ‘இனி இதைச் செய்’ என்று எழுதியிருந்தால், தகவலாக உள்ளே வந்தது இலக்காக மாறி உட்கார்ந்துவிடலாம். நம்பிக்கையும் விருப்பமும் தனித்தனிப் பெட்டிகள் என்று கோட்பாடு பிரித்து வைத்ததன் அருமை இங்கே புரியும். மேலே சொன்ன நோக்க வரிசையை மாதிரிக்கு வெளியே, டேட்டாபேஸில் வையுங்கள். அடுத்த படி என்ன என்பதை மாதிரி சொல்லட்டும். இலக்கை மாற்றுவது, நோக்கத்தை மூடுவது, பணம் நகரும் கட்டளையை அனுமதிப்பது மூன்றையும் உங்கள் சாதாரண நிரல் பார்த்துக்கொள்ளட்டும். கைவிடும் நிபந்தனையை மாதிரியிடம் கேட்காதீர்கள். நேரமும் எண்ணும் பார்த்து ஓர் இஃப் வாக்கியமே அதைச் சொல்லிவிடும்.

தொடங்கும்போது ஏஜென்ட் எதையும் செய்ய வேண்டாம், செய்யப்போவதைப் பதிவுக் கோப்பில் (லாக்) எழுதினால் போதும். மனிதர் எடுத்த முடிவோடு ஒப்பிடுங்கள். எங்கே மாறுபட்டதோ அந்தத் தகவலை எடுத்துவைத்து, நிரலை மாற்றும்போதெல்லாம் திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஒரே வகை முடிவில் ஒத்துப்போக ஆரம்பித்தால் அந்த வகையை மட்டும் அதன் கையில் விடுங்கள்.

ஃப்ரேம்வொர்க்? கற்றுக்கொள்ள ஜேசன் (Jason) நல்லது. பிடிஐ ஏஜென்ட்களை எழுத ராவ் 1996இல் வகுத்த ஏஜென்ட்ஸ்பீக் மொழியைக் கொஞ்சம் விரித்து ஓட வைத்தது அது. நிகழ்வு, சூழல், படிகள் மூன்றும் ஒரே வரியில் கண்ணுக்குத் தெரியும். ஜேட் (JADE) என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க் ஏஜென்ட்களுக்கு இடையே செய்திப் பரிமாற்றத்துக்கு. ஆனால் வேலைக்குக் கட்டும் அமைப்பில் இரண்டும் இல்லாமலே, ஒரு க்யூ, ஒரு டேட்டாபேஸ் அட்டவணை, ஒரு லூப் வைத்தே வெகுதூரம் போகலாம். உங்கள் குழுவுக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியில் எழுதுங்கள்.