கதவு வரை சென்று திரும்பியவருக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. குடியை நிறுத்தி இன்றோடு 19 நாட்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ஏதாவது ஆதரவுக் குழுவுக்குத் தொடர்ந்து போகச் சொன்னார்கள். எங்கே என்று சொல்லவில்லை. தேடிப் பிடித்து ஒரு முகவரிக்குப் போனேன், பூட்டிக் கிடந்தது. இன்னோர் இடத்தில் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால்? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது. எனக்கு ஏற்ற கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர் வெளியிட வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பத்து நிமிடத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் என் தம்பியை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் குனிந்து, சரியாகத்தான் கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். பிறகு அடுத்த காலிலும் அதையே செய்தான். திரும்பிவிடுவான் என்றே நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "நாற்காலி போட வேண்டும், ஒரு கை கொடுக்கிறீர்களா?" என்றார். யார், எதற்கு வந்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. கையில் நாற்காலியோடுதான் தம்பி உள்ளே போனான்.

உங்களிடம் முதலில் சொல்ல நினைப்பது, முகவரியைத் தேடுவதற்கு முன் தொலைபேசி எண்ணைத் தேடுங்கள் என்பதைத்தான். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் பகுதிவாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கின்றன. பெரும்பாலும் குடியை விட்ட ஒருவரே மறுமுனையில் பேசுவார். கூட்டங்கள் அதிகமும் வாடகை அறைகளிலும் இரவல் அறைகளிலும் நடப்பவை. இடமும் நேரமும் மாறும், பட்டியல் பழையதாகவே கிடக்கும். நீங்கள் பூட்டிய கதவைப் பார்த்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கூட்டம் இப்போதும் நடக்கிறதா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். திறந்ததற்கு யாரும் வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். உங்களுக்கு இரண்டும் பொருந்தும். கடைசியாக, "வாசலில் யாராவது எனக்காக நிற்க முடியுமா?" என்றும் கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம்.

தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தோன்றும். இந்த அமைப்பே ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்ததுதான். 1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், குடியை விட்டு ஐந்து மாதமானவர், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு வியாபார முயற்சி தோற்றுப்போய் ஹோட்டல் முகப்பறையில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து அழைத்தார். தன்னைப் போலவே குடிக்கு அடிமையான இன்னொருவரிடம் பேசாவிட்டால் தானே குடித்துவிடுவோம் என்பதுதான் அவருக்கு இருந்த பயம். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று வந்தவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. ஆகவே நீங்கள் அழைப்பது எதிர்முனையில் இருப்பவருக்கும் மருந்துதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தெரிந்தவர் இருந்தால்? அவரும் அதே காரணத்துக்காக வந்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். முழுப்பெயர் கேட்க மாட்டார்கள், கட்டணம் இல்லை. பேசும் முறை வந்தால் "இன்று கேட்டுக்கொள்கிறேன்" என்றால் போதும்.

கடவுள் விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. அவரவர் புரிந்துகொண்டபடி என்ற விளக்கத்தோடு. அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு குடியை விட்ட நம்பிக்கையற்றவர்கள் பலர். அதுவும் ஒட்டவில்லை என்றால் 1994 முதல் இயங்கும் ஸ்மார்ட் ரிகவரி என்ற இன்னோர் ஆதரவு அமைப்பு இருக்கிறது. அங்கே கடவுள் பேச்சு இல்லை, எண்ணங்களையும் பழக்கங்களையும் கையாளும் பயிற்சிதான். இரண்டுக்கும் இணையவழிக் கூட்டங்கள் உண்டு. ஆனால் ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு குழுவைப் போல இன்னொன்று இருக்காது. ஐந்தாறு இடங்களுக்காவது போய்ப் பாருங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை வைத்து 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் ஏ.ஏ.வோடு இணைந்த சிகிச்சை மற்ற முறைகளுக்குக் குறைந்ததல்ல, பல நேரங்களில் மேலானது என்று கண்டது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பல வருடம் தினமும் குடித்தவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் சித்தப் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டம் சிகிச்சைக்கு மாற்று அல்ல. இவர் மருத்துவமனை வழியாக வந்ததே சரியான வரிசை.

நண்பரே, இரண்டாவதாகப் போன இடத்திலிருந்தே தொடங்குங்கள். அங்கே குரல் கேட்டது என்றால் கூட்டம் நடக்கிறது. இன்று அழைத்து, அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். நாற்காலி போடும் வேலை மிச்சமிருக்கும்.