இரண்டாவது கழுத்து ஆபரேஷனுக்கு ஓய்வுக்காலப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: என் மனைவி பள்ளி ஆசிரியை. பாப்பிலரி வகை தைராய்டு புற்றுநோய்க்காகச் சில மாதங்களுக்கு முன் சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். நடுக்கழுத்து நிணநீர் முடிச்சுகளில் நோய் மிச்சமிருப்பதால் மறுபடியும் ஆபரேஷன் என்கிறார்கள். காப்பீட்டில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. ஓய்வுக்கால சேமிப்பை எடுத்துவிடவா?

பதில்: அவசரப்பட்டு எடுக்காதீர்கள். "எவ்வளவு காலம் பொறுக்கலாம்?" என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இந்த வகை பெரும்பாலும் மெதுவாகவே வளரும். நடுக்கழுத்து முடிச்சு, அதன் குறுகிய அளவில் 8 மி.மீ.யாவது இருந்து, நோய் என்று பயாப்ஸியிலும் உறுதியானால் மறு ஆபரேஷன் செய்யலாம் என்றது அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல். அதைவிடச் சிறியவற்றை ஸ்கேனும் தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்து கவனித்து வருவதும் உண்டு. முடிவு டாக்டருடையதுதான். ஆனால் அவகாசம் உண்டு என்று அவர் சொன்னால், உங்கள் கணக்கே மாறிவிடும்.

பெரும்பாலான பாலிசிகளில் ஆண்டுப் புதுப்பிப்போடு காப்பீட்டுத் தொகை மீண்டும் முழுதாகக் கிடைக்கும். புதுப்பிப்புத் தேதி அருகில் இருந்தால், அதற்குப் பிறகு ஆபரேஷனை வைக்கலாமா என்று கேட்பதில் தவறே இல்லை. ப்ரீமியம் மட்டும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. இந்த நேரத்தில் வேறு நிறுவனத்தில் புதிதாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய் என்று சொல்லிக் காத்திருக்க வைப்பார்கள், அல்லது விலக்கிவிடுவார்கள். தீவிர நோய்க் காப்பீடு (குறிப்பிட்ட பெரிய நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை தருவது) ஏதாவது இருக்கிறதா என்று, மனைவியின் பள்ளி வழியே கிடைத்ததையும் சேர்த்து, பழைய காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள்.

சர்ஜன் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒருமுறை கத்தி பட்ட கழுத்தில் தழும்புத் திசு எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும். குரல் நரம்பும், ரத்தக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் அங்கேதான் இருக்கின்றன. மறு ஆபரேஷன்கள் அடிக்கடி செய்பவரிடம் இரண்டாவது கருத்துக்கு ஆகும் செலவு, என் பார்வையில், இந்த முழுச் செலவிலும் மிகப் பயனுள்ளது. வகுப்பில் நாள் முழுதும் பேசி வாழ்பவருக்கு குரல்தானே சம்பளம்!

அதனால் ஆஸ்பத்திரி பில்லுக்கு மேல் சில மாதச் சம்பளத்தையும் தனியே ஒதுக்குங்கள். குரல் தேற நாளாகலாம். மிச்சமுள்ள தைராய்டு செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்தால் சில நாள் தனிமையும் வேண்டியிருக்கும். ஊதியத்துடன் எத்தனை நாள் மருத்துவ விடுப்பு என்று பள்ளியில் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு துண்டு விழுந்தால், முதலில் அவசரகால சேமிப்பு. அடுத்து வங்கி ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்காமல் அதன்மேல் கடன். ஓய்வுக்காலப் பணம் கடைசியில்தான், அதுவும் தேவையான அளவு மட்டும்.