பத்தே நிமிடத்தில் நின்றுபோகும் மைக்ரோடியூபுல்கள்: கோளாறு கைனசினில்தானா?

கேள்வி: நான் ஆய்வு மாணவி. கண்ணாடியில் கைனசின் என்ற மோட்டார் புரதத்தை ஒட்டவைத்து, அதன்மேல் ஒளிரும் மைக்ரோடியூபுல்களை (செல்லுக்குள் இருக்கும் மெல்லிய புரத இழைகளை) ஓடவிட்டு நுண்ணோக்கியில் படம் எடுக்கிறேன். முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடுகின்றன. அப்புறம் மெதுவாகி, துண்டு துண்டாகி, நின்றுவிடுகின்றன. கைனசினுக்கு எரிபொருளான ஏடிபியின் செறிவை 1 மில்லிமோலாரிலிருந்து 5 ஆக உயர்த்தியும் பலனில்லை. கைனசினையே புதிதாகத் தயாரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அதில் இப்போது இறங்காதீர்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடியிருக்கிறது என்றால், கண்ணாடியில் ஒட்டியபோது கைனசின் உயிரோட்டத்தோடு இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு என்ன கெட்டது என்பதுதான் கேள்வி.

ஏடிபி தீர்ந்திருக்குமா? ஒரு கணக்குப் போடுவோம். கைனசின் 8 நானோமீட்டர் நகர ஓர் ஏடிபி செலவாகிறது. நொடிக்கு 800 நானோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 100 ஏடிபி. ஃப்ளோ செல்லில் (கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கரைசல் நிற்கும் சிறு அறையில்) 20 மைக்ரோலிட்டர் கரைசல் இருந்தால், 1 மில்லிமோலார் கணக்கில் சுமார் 12,000 லட்சம் கோடி ஏடிபி மூலக்கூறுகள். சதுர மைக்ரானுக்கு 1000 கைனசின் வீதம் 90 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 9,000 கோடி மோட்டார்கள். அத்தனையும் முழு வேகத்தில் எரித்தாலும் 20 நிமிடத்துக்கு மேல் தாங்கும். உண்மையில் மைக்ரோடியூபுலுக்கு அடியில் சிக்கிய சிலவே எரிக்கின்றன, மற்றவை கிட்டத்தட்ட சும்மா இருக்கின்றன. ஆகவே பத்து நிமிடத்தில் ஏடிபி தீர வழியே இல்லை.

5 மில்லிமோலாராக உயர்த்தியது கெடுதலாகக்கூட முடிந்திருக்கலாம். வழக்கமான பைப்ஸ் பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில்) மக்னீசியம் 1 மில்லிமோலார்தான். மோட்டாருக்கு வேண்டியது மக்னீசியத்தோடு சேர்ந்த ஏடிபி. ஏடிபியை மட்டும் ஏற்றினால் இருக்கிற மக்னீசியத்தை அது பிடித்துக்கொள்ளும். ஏற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்து ஏற்றுங்கள். ஏடிபி ஸ்டாக்கின் (சேமித்து வைத்த அடர்கரைசலின்) பிஎச்சை 7-க்குக் கொண்டுவந்தீர்களா என்றும் பாருங்கள். வெறும் நீரில் கரைத்த ஏடிபி நல்ல அமிலம்.

துண்டு துண்டாவதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான தடயம். ஒளிரும் சாயத்தின்மீது விளக்கு விழும்போது, கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீவிரமாக வினைபுரியும் வடிவங்களாக மாறி, முதலில் மைக்ரோடியூபுலை அரிக்கிறது, கைனசினையும் கெடுக்கிறது. இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். படம் எடுத்த இடத்தை விட்டு, இதுவரை வெளிச்சமே படாத ஓரத்துக்கு நுண்ணோக்கியின் ஸ்டேஜை நகர்த்துங்கள். அங்கே ஓடிக்கொண்டிருந்தால் குற்றவாளி வெளிச்சம்தான். அங்கேயும் நின்றிருந்தால், ஏடிபியும் ஆக்சிஜன் நீக்கியும் கலந்த புதுக் கரைசலைச் செலுத்துங்கள். ஓட ஆரம்பித்தால் பழைய கரைசல் கெட்டது. அப்படியும் அசையவில்லையா, புது மைக்ரோடியூபுல்களை விடுங்கள். அவை ஓடினால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது, பழைய இழைகள்தான் சேதமானவை. அவையும் ஒட்டி அப்படியே கிடந்தால் மட்டும் கைனசினைச் சந்தேகியுங்கள்.

ஆக்சிஜன் நீக்கிக்கு நான் பயன்படுத்துவது: குளுக்கோஸ் 20 மில்லிமோலார், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம், காட்டலேஸ் என்ற என்சைம் 8 மைக்ரோகிராம், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி 10 மில்லிமோலார். செலுத்துவதற்குச் சற்று முன்பு கலக்க வேண்டும், காலையில் கலந்து மாலைவரை வைக்கக் கூடாது. இந்த வினையில் குளுக்கோனிக் அமிலம் உருவாகிறது. ஃப்ளோ செல்லின் இரு வாயும் திறந்திருந்தால் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும், அமிலமும் கூடிக்கொண்டே போகும். வாஸ்லைன் வைத்து அடைத்துவிடுங்கள், கரைசல் உலர்ந்துபோவதும் நிற்கும். மணிக்கணக்கில் ஓட வேண்டுமானால் நைட்ரஜன் நிறைத்த அறைக்குள்ளேயே சோதனையை நடத்தலாம். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அப்படிச் செய்து ஆயுளை வெகுவாகக் கூட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு இப்போதைக்கு அது தேவைப்படாது. விளக்குக்கு ஷட்டர் வைத்து, படம் எடுக்கும் கணத்தில் மட்டும் திறந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கேசீன் (பால் புரதம்) விஷயத்தில் கவனம். கண்ணாடியில் முதலில் போக வேண்டியது கேசீன், மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம், ஐந்து நிமிடம். பிறகுதான் கைனசின். வெறும் கண்ணாடியில் நேராகப் பட்டால் நடக்க வேண்டிய தலைப்பகுதியே ஒட்டிச் செயலிழந்துபோகும். கேசீன் எளிதில் கரையாது, வடிகட்டாமல் விட்டால் கட்டிகள் வழியை மறிக்கும்.

கடைசியாக, ஒருவேளை கைனசினே கெட்டிருந்தால் சேமிப்பைப் பாருங்கள். தலைப்பகுதியில் ஏடிபி போன்ற நியூக்ளியோடைடு இல்லாமல் கைனசின் நெடுநேரம் தாங்காது. அதனால் சேமிக்கும் பஃபரில் 0.1 மில்லிமோலார் ஏடிபியும் மக்னீசியமும் எப்போதும் இருக்கட்டும். ஈடிடிஏ வேண்டாம், அது மக்னீசியத்தைப் பறித்துவிடும். சுக்ரோஸ் சேர்த்து, ஒரு நாளைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருகிய குழாயில் மிச்சம் இருந்தால் மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் அதை மறுபடி உறையவைக்காதீர்கள்.