கோடுபோட்ட பைஜாமாச் சிறுவன்: நாவலும் படமும் – கேள்வி பதில்

ஜான் பாய்ன் 2006இல் எழுதிய நாவல் ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்’. அதை 2008இல் மார்க் ஹெர்மன் படமாக்கினார். நாஜி வதைமுகாம் தளபதியின் சின்ன மகன் ப்ரூனோவும், கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூதச் சிறுவன் ஷ்முவேலும் நண்பர்களாகிறார்கள். கடைசியில் இருவரும் நச்சுவாயு அறையில் சாகிறார்கள். முடிவைச் சொல்லாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வழியில்லை.

கேள்வி: சார், படம் பார்த்துவிட்டேன். நாவலையும் படிக்க வேண்டுமா? கதை ஒன்றுதானே?

அவசியம் படியுங்கள். நாவல் கிட்டத்தட்ட முழுக்க ப்ரூனோவின் தலைக்குள்ளேயே நடக்கிறது. அவனுக்குப் புரியாதது அவனுக்குப் புரியாததாகவே வந்து போகும். வாசிக்கிறவர்தான் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

படம் பெரியவர்கள் பக்கம் நகர்ந்துவிடுகிறது, குறிப்பாக அம்மா பக்கம். ப்ரூனோ ஊஞ்சலிலிருந்து விழுந்து அடிபடும்போது, முன்பு மருத்துவராக இருந்த கைதி பாவெல் கட்டுப் போட்டுவிடுகிறார். நாவலில் அம்மா, தளபதி கேட்டால் தானே காயத்தைத் துடைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள். பாவெலைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று நம்மை யோசிக்க வைக்கும் இடம். படத்தில் அவள் தயங்கித் தயங்கி அவருக்கு நன்றி சொல்கிறாள். பிறகு முகாமிலிருந்து எழும் புகை பிணங்களை எரிப்பதால் வருவது என்று தெரிந்து கணவனிடம் வெடிக்கிறாள். வேரா ஃபார்மிகா அதைப் பிரமாதமாக நடித்திருக்கிறார். ஆனால் அந்த அம்மாவின் மனசாட்சி நமக்கு ஓர் ஆறுதலைக் கொடுத்துவிடுகிறது. நாவல் அந்த ஆறுதலைத் தருவதில்லை.

கேள்வி: முகாமில் எல்லோரும் சந்தோஷமாக இருப்பதுபோல ஒரு செய்திப்படம் ஓடுமே, அது நாவலிலும் உண்டா?

இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. நல்ல சேர்க்கை. நாஜிகள் அப்படி எடுத்தது உண்மை. 1944இல் தெரேசியன்ஷ்டட் முகாமில் ஒரு பிரச்சாரப் படம் எடுத்தார்கள். இயக்கச் சொல்லி நிர்ப்பந்திக்கப்பட்டவர் அங்கே கைதியாக இருந்த யூத நடிகர் கர்ட் கெரோன். வேலை முடிந்ததும் அவரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அப்பா நல்லவர்தான் என்று ப்ரூனோ மறுபடி நம்பத் தொடங்குவது அந்தச் செய்திப்படத்தைப் பார்த்துத்தான்.

கேள்வி: முடிவு எதில் நன்றாக இருக்கிறது ஐயா?

நாவலில். படத்தில் மழை, ஓட்டம், அலறல், இசை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அப்பா நேரத்துக்குப் போய்ச் சேர்வாரா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நாவலில் துரத்தலே கிடையாது. பையனைக் காணவில்லை, வேலியோரம் துணிகள் கிடக்கின்றன, அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அப்பா அதே இடத்துக்குப் போய், கம்பிக்கு அடியில் ஒரு சிறுவன் நுழையும் அளவு இடைவெளி இருப்பதைப் பார்க்கிறார். படிப்படியாக யோசித்து உண்மைக்கு வருகிறார். தான் நடத்திய கொலைக்கூடத்தின் கணக்கு அவர் கைக்கே வருகிறது.

கேள்வி: நான் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு இதை வரலாறாகச் சொல்லிக்கொடுக்கலாமா?

வரலாறாக வேண்டாம் அம்மா. இரண்டிலும் ஒரே பெரிய ஓட்டை இருக்கிறது. நாவலின் களமான ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட யூதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இறங்கிய அன்றே கொல்லப்பட்டார்கள். வேலியில் மின்சாரம் ஓடியது, காவல் கோபுரங்கள் இருந்தன. தினமும் வேலியோரம் உட்கார்ந்து பேச ஷ்முவேலுக்கு வழியே இருந்திருக்காது. யூதர் என்றால் யாரென்றே தெரியாத தளபதி மகனும் நம்ப முடியாதவன். அன்றைய ஜெர்மன் பள்ளிகள் யூத வெறுப்பைப் பாடமாகவே ஊட்டின. ஆஷ்விட்ஸ் நினைவிடமே 2020இல், இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது.

எனக்கு அதைவிட வலிப்பது வேறொன்று. இரண்டிலுமே நாம் யாருக்காக அழுகிறோம்? ப்ரூனோவுக்காக. அவன் தவறுதலாக உள்ளே போய்விட்டானே என்று. அப்படியானால் ஷ்முவேல் அங்கே இருந்தது தவறில்லையா? நாவலிலாவது அவன் தன் கதையைச் சொல்கிறான்: கைக்கடிகாரம் செய்யும் அப்பா, பலர் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரே அறை, ரயில். படத்தில் அது ஓரிரு வரிகளாகச் சுருங்கிவிடுகிறது. ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் சுமார் 15 லட்சம் பேர். அந்தக் கூட்டத்தில் ஒருவனாகவே ஷ்முவேல் கரைந்துபோவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எதை முதலில் கொடுக்கட்டும்?

முதலில் ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பைக் கொடுங்கள். அது நாஜிகளுக்குப் பயந்து நிஜமாகவே ஒளிந்து வாழ்ந்த ஒரு யூதச் சிறுமி தன் கையால் எழுதியது. பிறகு இந்த நாவல். படத்தை அவள் தனியாகப் பார்க்க விடாதீர்கள், கடைசிப் பத்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். முடிந்ததும் ப்ரூனோவைப் பற்றி அவளே பேசுவாள். ஷ்முவேலைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும்.