லேப் கார்டுக்காக அந்த விடைகளை வாங்காதே, தங்கச்சி

ஆகஸ்டில் ஒஹாயோவில் வேதியியல் பிஎச்டி சேரப்போவதாக எழுதியிருக்கிறாய். நாலு பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் லேப் கதவு திறக்கும் கார்டு கிடைக்கும் என்று மெயில் வந்திருக்கிறது. சீனியர் ஒருவர், "சும்மா கிளிக் பண்ணிட்டே போ, விடையெல்லாம் நான் அனுப்புறேன்" என்கிறார். கூடவே குக்கர், குளிர் கோட், வாடகை பற்றியும் கேட்டிருக்கிறாய். குக்கரைக் கொண்டு வா, கோட்டை இங்கே வாங்கிக்கொள், வாடகையை அங்கே இப்போது படிக்கிறவர்களிடம் கேள். எனக்குப் பேச வேண்டியது அந்த விடைகளைப் பற்றித்தான். தயவு செய்து வாங்காதே.

நான் 1999-ல் இதே மாநிலத்துக்கு வந்தவள். மதுரையில் எம்.எஸ்ஸி. செருப்புக் காலோடு லேபில் நின்று, ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சி அளந்து பழகியவர்கள் நாங்கள். ரேங்க் வாங்கி வந்திருக்கிறோம், நமக்கு எதற்கு இந்த வீடியோ என்று நினைத்தேன். எனக்கும் ஒரு சீனியர் இருந்தார், நம் ஊர்க்காரர். துண்டுச் சீட்டில் எல்லா விடைகளையும் எழுதிக் கொடுத்தார். மறுநாளே சாவி கைக்கு வந்துவிட்டது.

இரண்டாவது வருடம் டிசம்பர், ஒரு சனிக்கிழமை. கரைப்பானை உலர்த்த சோடியம் போட்டுக் காய்ச்சுகிற குடுவை அப்போது பெரும்பாலான ஆர்கானிக் லேபில் இருக்கும். பழைய குடுவை ஒன்றில் மிச்சமிருந்த சோடியத்தை அழித்துவிடச் சொன்னார் எங்கள் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்துவிட்டு லேபில் ஆராய்ச்சி செய்கிறவர். "செய்திருக்கிறாய்தானே?" என்று கேட்டார். செய்ததில்லை. ஆனாலும் தலையாட்டினேன். நைட்ரஜனை ஓடவிட்டு, ஐசோப்ரொப்பனால் என்ற ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மணிக்கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. நான் எத்தனாலை மளமளவென்று ஊற்றினேன். குமிழி அடங்கியதும் வேலை முடிந்தது என்று தண்ணீரையும் விட்டேன். மேலே படிந்திருந்த ஓட்டுக்கு அடியில் சோடியம் அப்படியே இருந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் தீப்பிடித்துக்கொண்டது.

லேப் கோட் போட்டிருக்கவில்லை. குளிருக்காகப் போட்டிருந்த பாலியெஸ்டர் ஜாக்கெட்டின் கை உருகி மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்து லேபிலிருந்து ஓடி வந்த போலந்துக்காரர் ஒருவர் என்னை இழுத்துக்கொண்டு போய் லேபின் அவசர ஷவருக்கு அடியில் நிறுத்திச் சங்கிலியை இழுத்தார். அந்த மூலையில் ஒரு ஷவர் இருப்பதே எனக்குத் தெரியாது. பயிற்சியில் அதையும் ஒரு கேள்வியாகக் கேட்டிருந்தார்கள், நான் சீட்டைப் பார்த்து எழுதியிருந்தேன்.

அதைவிட மோசமாக இன்னொன்றும் செய்தேன். டாக்டரிடம் சமையலில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னேன். விபத்து என்று எழுதினால் விசாவுக்கு ஆபத்து என்று ரூமில் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். இத்தனை வருடத்தில் விபத்தைச் சொன்னதற்காக விசா போன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சொல்லாமல் மறைத்து, அதே குடுவையில் அடுத்தவர் கையைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

2008 டிசம்பர் 29-ல் லாஸ் ஏஞ்சலஸில், யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில், 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருத்தி டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தை ஊசியில் எடுத்துக்கொண்டிருந்தாள். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் திரவம். ஊசியின் தண்டு கழன்று வந்துவிட்டது. லேப் கோட் இல்லை, செயற்கை நூல் ஸ்வெட்டர். 18 நாள் கழித்து இறந்துபோனாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்ததற்கான பதிவே இல்லை என்று விசாரணையில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அந்தப் போலந்துக்காரர் மட்டும்தான்.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா, ஆய்வகங்களுக்கென்று 1990-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. காகிதத்தில் இருந்ததைக் கார்டோடு கட்டிப்போட்டது அந்த மரணத்துக்குப் பிறகுதான் என்பது நான் கண்ணால் பார்த்தது. இப்போது கணினியில் பொதுப் பயிற்சி, கழிவுப் பயிற்சி எல்லாம் முடித்த பிறகு, உன் லேபிலேயே ஒருவர் கூட வந்து சுற்றிக்காட்டிக் கையெழுத்து வாங்குவார். அந்தச் சுற்றுதான் முக்கியம். "தெரியும்தானே" என்று அவசரப்படுத்துவார்கள். விடாதே. தீயணைப்பான் எங்கே, கேஸ் வால்வு எங்கே, கசிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாகக் கேள். உன் கெமிக்கலுக்கு எந்தக் கிளவுஸ் என்று கட்டாயம் கேள். டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற பேராசிரியை 1996-ல் டைமெத்தில்மெர்க்குரி என்ற பாதரச நஞ்சை லேடெக்ஸ் கிளவுஸ் போட்டுத்தான் தொட்டார். ஓரிரு சொட்டு கிளவுஸை ஊடுருவியது. அடுத்த ஜூனில் இறந்தார். அவர் நச்சு உலோகங்களிலேயே நிபுணர்.

அளவைக் கூட்டும்போதும் கேள். 2010-ல் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்றிருந்த வெடிபொருளை ஒரு மாணவர் சுமார் 10 கிராம் செய்தார், மூன்று விரல் போயிற்று.

துணிமணி பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பருத்திச் சுடிதாராகக் கொண்டு வா, துப்பட்டாவை லாக்கரில் வை. காலை மூடிய ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள். 2011-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இரவில் தனியாகக் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்த மாணவி ஒருத்தி, முடி சிக்கி இறந்துபோனாள்.

நம்மவர்கள் மேல் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இதுதான். வந்து நாலு வருடம் ஆனவர், புதிதாக வருகிறவருக்கு உதவி என்று நினைத்து விடைகளைக் கொடுக்கிறார், தன் கார்டில் கதவைத் திறந்து உள்ளே விடுகிறார். பாசத்தில் செய்கிறார், தெரியும். ஆனால் தெரியாது என்று சொல்வதை அவமானமாக நினைக்கிற பழக்கத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். எங்கள் லேபில் வந்த ஜெர்மன் பையன் முதல் நாளே பத்துத் தடவை "எனக்குத் தெரியாது" என்றான். யாரும் அவனைக் குறைவாக நினைக்கவில்லை. அதைச் சொல்லப் பழக எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

இப்போது நான் ஒரு கம்பெனி லேபில் புதியவர்களைச் சுற்றிக்காட்டிக் கையெழுத்து வாங்குகிற வேலையையும் சேர்த்துச் செய்கிறேன். ஒவ்வொருவரையும் அவரவர் பெஞ்சிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐவாஷுக்கு, அதாவது கண் கழுவும் குழாய்க்கு, நடக்கச் சொல்வேன், நான் பக்கத்திலேயே கூட நடப்பேன். 10 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும், பிறகு 15 நிமிடம் கண்ணைக் கழுவ வேண்டும். நீயும் முதல் வாரமே யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு நடந்து பார். அந்தத் தீக்குப் பிறகு என் பழைய லேபில் நானும் நடந்து பழகினேன். பெஞ்சிலிருந்து ஏழு காலடி, பிறகு இடது பக்கம் திரும்பி மூன்று.